மேல் வரியில் அப்பா, கீழ் வரியில் மகன்

ராஜபாளையம்,
7.8.2025

அன்பு மகள் சத்யப்பிரியாவுக்கு அப்பா இருளப்பசாமி எழுதிக்கொள்வது.

நலமா என்று கேட்டால் உனக்கு இன்னும் கோபம் வரும். அதனால் கேட்கவில்லை. இரண்டு நாள் நீ போனை எடுக்கவில்லை. நேற்று எடுத்தாய், நான் "ஏட்டி" என்று தொடங்கியதும் வைத்துவிட்டாய். உன் அம்மாதான், "போன்ல பேசினா நீங்க கத்துவீக, அவ வச்சிருவா. எழுதிக் குடுங்க, நான் கொண்டுபோய்க் குடுக்கேன்" என்றாள். ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ்ஸில் அரை மணி நேரம். அந்த அரை மணி நேரத்துக்கு ஒரு கடிதம், அதற்கு உன் அம்மா மாரியாத்தாள் ஒரு தூதர். ஊர் சிரிக்கும். நம் அச்சகத்தில் அடித்த பத்திரிகையைப் பார்த்து ஏற்கெனவே சிரித்துக்கொண்டுதான் இருக்கிறது.

இதைக் கையால்தான் எழுதுகிறேன். கம்ப்யூட்டரில் அடித்தால் எந்த இடத்தில் ஒடிக்குமோ என்று பயம். (இது குத்தல் இல்லை. சரி, கொஞ்சம் குத்தல்தான்.)

நடந்ததை என் பக்கத்திலிருந்தும் ஒரு தடவை கேட்டுவிடு. உன் நாத்தனார் செல்வலட்சுமியின் கல்யாணப் பத்திரிகை. உன் மாமனார் பட்டாளத்துக்காரர். செகந்திராபாத் சிநேகிதர்களுக்குத் தெலுங்கிலும், ஆபீசர்களுக்கு ஆங்கிலத்திலும், நம் சனத்துக்குத் தமிழிலும் மூன்று பக்கம் கேட்டார். நீதான் உன் கம்பெனி புரோகிராமை நம் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுத்து, "அப்பா, இனிமே வரிய நீங்க ஒடிக்க வேண்டாம், அதுவே பாத்து ஒடிச்சுக்கிடும்" என்றாய். சரி என்று விட்டேன். பதினெட்டாம் பெருக்கு அன்று எழுநூறு பத்திரிகையையும் தாம்பாளத்தில் வைத்துக் கொண்டுவந்தேன். கூடத்தில் நாற்பது பேர். உன் மாமனாரின் தங்கை ஒன்றை எடுத்துச் சத்தமாக வாசித்தார்கள். "இப்படிக்கு, தங்கள் நல்வரவை விரும்பும் சுபேதார் ஓய்வு அ." என்று வந்ததும் நின்றார்கள். மூச்சு வாங்கிக்கொண்டு அடுத்த வரியில், "குருசாமி."

உன் மாமனார் பத்திரிகையை வாங்கிக் கையை நீட்டிப் பார்த்தார். பட்டாளத்துக் குரலில் கேட்டார்: "எங்கப்பா அழகர்சாமி மேல் வரியில நிக்காரு. நான் கீழ நிக்கேன். எங்களப் பிரிச்சது யாரு?"

நாற்பது பேரும் என்னைப் பார்த்தார்கள். வாய் தானாகச் சொன்னது: "நான் இல்ல சம்பந்தி. வரி ஒடிக்கிற வேலையெல்லாம் இப்ப உங்க மருமக எழுதின புரோகிராம்தான் பாக்குது." அவர் நம்ப வேண்டுமே என்று அங்கேயே போனில் கம்பெனிக்குப் புகாரும் அனுப்பிக் காட்டினேன்.

இதில் பொய் எங்கே இருக்கிறது, நீயே சொல்.

இப்படிக்கு,
அப்பா

பி.கு. அம்மாவிடம் காராச்சேவு கொடுத்திருக்கிறேன். கடிதத்தைப் படிக்காவிட்டாலும் அதைச் சாப்பிடு.


ஸ்ரீவில்லிபுத்தூர்,
8.8.2025

அப்பாவுக்கு,

காராச்சேவை முதலில் சாப்பிட்டேன். கடிதத்தைப் பொறவுதான் படித்தேன். சேவில் உறைப்பு சரியாக இருந்தது.

நாற்பது பேர் முன்னால் "உங்க மருமக" என்று சொல்லிவிட்டு நீங்கள் பஸ் ஏறிவிட்டீர்கள். நான் இந்த வீட்டில்தான் இருக்கிறேன். மாமாவின் தங்கை தினமும் என் மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்று, "ஏட்டி, அம்புட்டு நேரம் உக்காந்து தட்டுதியே, இதுக்குத்தானா?" என்று கேட்கிறார். உங்கள் மருமகன் பாலகணேஷ் என் கட்சிதான். ஆனால் காலையில் கிருஷ்ணன்கோவில் காலேஜ் பஸ்ஸில் வேலைக்கு ஏறினால் சாயங்காலம்தான் இறங்குவார். பகல் முழுக்கக் கட்சியில் நான் ஒருத்திதான்.

உங்கள் புகார் எங்கே போனது தெரியுமா? என்னிடமே வந்தது. "அனுப்பியவர்: இருளப்பசாமி, ராஜபாளையம். குறை: இந்த புரோகிராம் குடும்பத்தைப் பிரிக்கிறது. அவசரம்: மிக அதிகம்." சென்னையிலிருந்து மேலாளர் கூப்பிட்டு, "சத்யா, இது நமக்கு வந்ததா, குடும்பநல கோர்ட்டுக்குப் போக வேண்டியதா?" என்றார்.

சிரிப்பதற்காக எழுதவில்லை. ஒன்றரை வருஷமாக நான் செய்யும் வேலை இது ஒன்றுதான். 22ஆம் தேதி கம்பெனியில் கூட்டம். இதை எல்லா அச்சகங்களுக்கும் அனுப்பலாமா என்று அன்று முடிவு செய்வார்கள். அனுப்பினால் என்னை நிரந்தரமாக்குவார்கள். மூடாத புகார் ஒன்றே ஒன்று இருந்தாலும் அனுப்ப மாட்டார்கள். என் ஒப்பந்தமும் அத்தோடு முடியும். இப்போது மூடாமல் இருப்பது ஒன்றுதான். அது உங்களுடையது.

நான் என்ன வேலை செய்கிறேன் என்று நீங்கள் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்காமலே சொல்கிறேன். புரோகிராம் எழுத்தெழுத்தாக நடந்து போகும். ஒவ்வோர் எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் நடுவே நிற்கும். நின்று மூன்றில் ஒரு பதில் சொல்லும்: இங்கே வரியை உடைத்தே தீர வேண்டும், இங்கே வேண்டுமானால் உடைக்கலாம், இங்கே உடைக்கவே கூடாது. தமிழிலும் தெலுங்கிலும் ஆங்கிலத்திலும் வார்த்தைக்கு வார்த்தை இடைவெளி இருக்கும், பெரும்பாலும் அங்கே உடைக்கலாம். தாய்லாந்துக்காரர்கள் இடைவெளியே விடாமல் எழுதிக்கொண்டே போவார்கள். அங்கே அகராதியை வைத்துக்கொண்டு வார்த்தை எங்கே முடிகிறது என்று தேட வேண்டும். இனிஷியலுக்கும் பெயருக்கும் நடுவே உடைக்கவே கூடாது என்பது நான் எழுதிய முதல் விதி. அச்சகக்காரர் மகள் அதைக்கூடவா எழுதியிருக்க மாட்டேன்?

ஒன்றை யோசித்துப் பாருங்கள். மூன்று பக்கத்துக்கும் ஒரே புரோகிராம். தெலுங்கில் மாமாவும் அவர் அப்பாவும் ஒரே வரியில் இருக்கிறார்கள். ஆங்கிலத்திலும் அப்படியே. தமிழில் மட்டும் ஏன் பிரிந்தார்கள்? எனக்கு அந்தப் பைல் வேண்டும்.

சத்யா


ராஜபாளையம்,
10.8.2025

அன்பு மகளுக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். பத்தாம் வகுப்பையே மூன்று தடவை எழுதியவன், ஒரே தடவையில் எனக்கு எது புரிந்திருக்கிறது? ஆனால் தாய்லாந்து விஷயம் முதல் தடவையே புரிந்துவிட்டது. உன் அம்மா பேசுவதை அந்த ஊரில் எழுத்தாக்கி வைத்திருக்கிறார்கள். எங்கே முடிகிறது என்று தேட நீ அகராதி வைத்திருக்கிறாய். நான் இருபத்தெட்டு வருஷமாக அகராதி இல்லாமல் தேடிக்கொண்டிருக்கிறேன். (இந்த இடத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டாதே.)

பைல் விஷயம். பைல் இருக்கிறதா என்றால் இருக்கிறது. கம்ப்யூட்டரில் இருக்கிறதா என்றால், கம்ப்யூட்டர் சரியில்லை. வைரஸாக இருக்கும் என்று நம் மெஷின்மேன் ராம்கி சொல்கிறார். என்ன வைரஸ் என்று கேட்டேன். "ஆடிக் காத்துல வாரதா இருக்கும்" என்றார். பைலுக்குப் பதிலாக அச்சடித்த பத்திரிகை ஒன்று அனுப்பியிருக்கிறேன். அதிலும் எல்லாம் இருக்கிறது.

நேற்று உன் மாமனார் அச்சகத்துக்கே வந்துவிட்டார். உட்காரவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மெஷினைச் சுற்றி ஒரு நடை நடந்தார். ராம்கி தன்னையறியாமல் நிமிர்ந்து நின்றார்.

"சம்பந்தி, தெலுங்குல எங்கப்பா எங்கூடத்தான இருக்காரு?"

"இருக்காரு சம்பந்தி."

"ஒங்களுக்குத் தெலுங்கு எழுத்து தெரியுமா?"

"தெரியாது. பக்கத்துக் கடைக்காரர்தான் போன்ல அடிச்சு அனுப்பினாரு. அப்படியே போட்டேன்."

"தமிழு?"

"தமிழ் தெரியுமே."

"அப்ப அதான்," என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார்.

அதான் என்றால் எதுதான் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கிறது. அந்தப் புகாரை நீயே மூடிவிட முடியாதா? உன்னிடம்தானே வந்திருக்கிறது.

அப்பா


ஸ்ரீவில்லிபுத்தூர்,
12.8.2025

அப்பாவுக்கு,

பைல் வந்துவிட்டது. அம்மா ராம்கி மாமாவிடம் கேட்டு பென்டிரைவில் வாங்கி, இட்லிப் பொடி டப்பாவுக்குள் வைத்துக் கொண்டுவந்தார். துடைத்துவிட்டுத்தான் சொருகினேன். வைரஸ் எதுவும் இல்லை. மிளகாய் இருந்தது.

"சுபேதார் (ஓய்வு) அ." என்பதற்கு அடுத்து ஓர் எண்டர் இருக்கிறது. எண்டர் என்பது, இங்கே உடைத்தே தீர வேண்டும் என்று மனுசன் கையால் போடும் உத்தரவு. அதற்கு மேல் என் புரோகிராம் வாய் திறக்காது. நம் வீட்டுப் பழக்கத்தில் எழுதியது. அப்பா சொன்னால் சொன்னதுதான்.

தமிழ்ப் பக்கத்தில் மொத்தம் பதினேழு எண்டர். ஆங்கிலத்தில் இரண்டு. தெலுங்கில் ஒன்றுகூட இல்லை. எழுத்து தெரியாததால் அதில் நீங்கள் கை வைக்கவில்லை. அது பிழைத்துக்கொண்டது.

யாரிடமும் சொல்லவில்லை, உங்கள் மருமகனிடம்கூட. சொன்னால் இந்த வீட்டில் நான், பெற்ற அப்பாவையே காட்டிக்கொடுத்தவள். சொல்லாவிட்டால் வேலை தெரியாதவள். இரண்டையும் வைத்து யோசித்தேன். வேலை தெரியாதவளாகவே இருந்துவிடுகிறேன். வேலை வேறு கிடைக்கும்.

புகாரை நான் மூட முடியாது. கொடுத்தவர்தான் காரணம் எழுதி மூட வேண்டும். 22ஆம் தேதி காலை பத்து மணி வரைக்கும் நேரம் இருக்கிறது. மூடுங்கள் என்று கேட்கவில்லை, தகவல் சொன்னேன்.

கேட்பது ஒன்றுதான். என் புரோகிராம் சரியாகத்தானே வைத்திருந்தது? அப்புறம் ஏன் தட்டினீர்கள்?

சத்யா


ராஜபாளையம்,
15.8.2025

சத்யா,

இதற்கு முன்னால் நான்கு தாளைக் கிழித்துவிட்டேன். அச்சகம் வைத்திருப்பதால் தாளுக்குக் குறைவில்லை.

ஏன் தட்டினேன் என்று கேட்டாய். உன் புரோகிராம் "அ. குருசாமி"யைச் சேர்த்தே கீழ் வரிக்குக் கொண்டுபோனது. அது சரிதான். ஆனால் மேல் வரியில் வலது பக்கம் ஒரு விரல் அகலத்துக்கு இடம் காலியாக நின்றது. காலி இடத்தைப் பார்த்தால் எனக்குத் தாங்காது. இந்தத் தொழிலில் இருபத்தாறு வருஷமாக நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான்: இடம் காலியாக இருந்தால் குத்துவிளக்கைப் போடு, விளக்கு நிற்காவிட்டால் பூவைப் போடு, பூவும் நிற்காவிட்டால் புள்ளியாவது வை. சோழபுரத்துக்காரர் ஒருவரின் கருமாதிக் கார்டில் மூலை காலியாக இருக்கிறது என்று தோகை விரித்த மயிலைப் போட்டவன் நான். அந்த வீட்டுக்காரர்கள் இன்னும் என்னை அந்தப் பக்கம் தலைகாட்ட விடுவதில்லை.

அந்த ஒரு விரல் இடத்தில் விளக்கு நிற்கவில்லை. பூவும் நிற்கவில்லை. "அ." கச்சிதமாக நின்றது. ஒரு தட்டுத் தட்டினேன். அடடா, என்ன அழகாக நிரம்பிவிட்டது என்று டீ சொல்லிக் குடிக்கவும் செய்தேன்.

இது வரைக்கும் எழுதிவிடலாம். நான்கு தாள் கிழிந்தது இதற்கு அடுத்த இடத்தில்.

தட்டியது மறந்துபோயிருந்தது. அது நிசம். ஆனால் அன்றைக்குக் கூடத்தில் உன் மாமனாரின் தங்கை "அ." என்று நிறுத்தினார்களே, அந்த நிமிஷமே ஞாபகம் வந்துவிட்டது. டீ குடித்ததுகூட ஞாபகம் வந்தது. ஞாபகம் வந்த பிறகுதான் உன் பேரைச் சொன்னேன். தெரியாமல் சொல்லவில்லை. நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள், நீ அங்கே கதவோரம் நின்றாய், நீதானே, பொறுத்துக்கொள்வாய் என்று தோன்றிவிட்டது. வெளி ஆள் யார் பேரையும் சொல்ல வாய் வந்திருக்காது.

எழுதிவிட்டேன். திரும்பப் படித்துப் பார்க்கப் போவதில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. மெஷினில் ஏற்றும் முன்பே உன் மாமனார் புரூப் தாளில் "சரி" என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார். என் டிராயரில் பத்திரமாக இருக்கிறது. அதைக் காட்டினால் பாதிப் பழி அவர் பக்கம் போய்விடும். எனக்கும் பேச்சைத் தொடங்க ஒரு பிடி கிடைக்கும். காட்டட்டுமா?

அப்பா


ஸ்ரீவில்லிபுத்தூர்,
16.8.2025

அப்பாவுக்கு,

காட்ட வேண்டாம். மாமாவுக்குக் கிட்டத்தில் எழுத்து தெரியாமல் போய் ஒரு வருஷம் ஆகிறது. கண்ணாடி வாங்கிச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறார், யார் முன்னாலும் போடுவதில்லை. காலையில் பேப்பரை என்னிடம் கொடுத்து, "வாசி, ஒனக்கு உச்சரிப்பு எப்படி இருக்குன்னு பாக்கேன்" என்பார். நானும் வாசிப்பேன். அது எங்கள் இரண்டு பேருக்குள் உள்ள விஷயம். கல்யாண வீட்டில் அவரைக் கண் தெரியாதவர் ஆக்கிவிட்டு எனக்கு நிரந்தர வேலை வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் நான்கு தாள் கிழிந்த இடத்தை நானும் ஒரு தடவைதான் படித்தேன். அதைப் பற்றி இப்போது ஒன்றும் எழுத வரவில்லை.

நாளை ஞாயிற்றுக்கிழமை நானும் அத்தையும் செல்வலட்சுமியும் சேலை எடுக்க மதுரைக்குப் போகிறோம். மாமாவும் அவர் தங்கையும் வீட்டில்தான் இருப்பார்கள். பந்தல்காரர் தங்கப்பாண்டியன் வேறு பத்துப் பேரோடு வருகிறார். இதையும் தகவலாகத்தான் சொல்கிறேன்.

சத்யா


ராஜபாளையம்,
18.8.2025

அன்பு மகள் சத்யாவுக்கு,

நேற்று போனேன். நீ இல்லாத நேரமாகச் சொன்னதற்கு நன்றி. நீ எதிரில் நின்றால் எனக்கு வாய் வந்திருக்காது.

மஞ்சள் பையில் அச்சகத்துக் கீபோர்டைக் கழற்றிப் போட்டுக்கொண்டு போனேன். எண்டர் என்றால் என்ன என்று பட்டாளத்துக்காரருக்கு வாயால் விளக்க எனக்குப் படிப்புப் பத்தாது. பஸ்ஸில் கண்டக்டர், "என்னண்ணே, ஆர்மோனியமா?" என்றார். ஆமா என்றேன்.

உன் மாமனார் நாற்காலியில் இருந்தார். சுற்றிலும் பந்தல் ஆட்கள் கம்பு எண்ணிக்கொண்டிருந்தார்கள். உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. கீபோர்டை எடுத்து ஸ்டூலில் வைத்து எண்டரைக் காட்டினேன்.

"சம்பந்தி, ஒங்களையும் ஒங்க அப்பாவையும் பிரிச்சது எம்மக இல்ல. நான்தான். இந்தா, இதத் தட்டித்தான் பிரிச்சேன்."

அவர் குனிந்து பார்த்தார். விரலால் தொட்டும் பார்த்தார். "இதா? இம்புட்டுப் பெரிசா இருக்கே. தெரியாம கை பட்டுருச்சுன்னு சொல்ல முடியாதே."

"தெரிஞ்சுதான் தட்டினேன்."

"ஏன்?"

"எடம் காலியா இருந்துச்சு."

தங்கப்பாண்டியன் கம்பு எண்ணுவதை விட்டுவிட்டார். உன் மாமனாரின் தங்கை அடுப்படியிலிருந்து வெளியே வந்துவிட்டார்கள். நல்லதாகப் போயிற்று என்று அவர்களுக்கும் கேட்கிற மாதிரி இன்னொரு தடவை சொன்னேன். "அவ புரோகிராம் சரியாத்தான் வச்சிருந்துச்சு. நான்தான் கெடுத்தேன். கெடுத்துட்டு அவ பேரையும் சொன்னேன்."

அப்புறம் உன் மாமனார் மெதுவாகக் கேட்டார்: "சம்பந்தி, அடிக்கிறதுக்கு முன்ன ஏதோ ஒரு தாள்ல எங்கிட்டக் கையெழுத்து வாங்கினீகளே?"

"அது வேற தாளு சம்பந்தி. தொலஞ்சு போச்சு," என்றேன்.

என் முகத்தையே பார்த்தார். பட்டாளத்துப் பார்வை. பொய் சொன்னால் தெரிந்துவிடும் என்பார்கள். தெரிந்துதான் இருக்கும். "சரி. எழுநூறும் திரும்ப அடிங்க," என்றார். தங்கச்சியிடம் திரும்பி, "சம்பந்திக்குக் காப்பி குடு. அந்த ஆர்மோனியத்த ஓரமா வை," என்றார். கண்டக்டரும் அவரும் பேசி வைத்துக்கொண்டார்களா என்ன?

திரும்பி வந்ததும் கீபோர்டை மாட்டிப் புகாரை மூடினேன். காரணம் கேட்டது. இப்படி எழுதினேன்: "எண்டரைத் தட்டியது நான். புரோகிராம் ஒழுங்காகத்தான் இருந்தது. அதை ஒழுங்காக இருக்க நான் விடவில்லை. மன்னிக்கவும். இருளப்பசாமி, ராஜபாளையம்."

திருப்தியா என்று கேட்டு ஐந்து நட்சத்திரம் காட்டியது. ஐந்தையும் தட்டிவிட்டேன். அப்பன் மகளுக்குப் போட்டது செல்லாது என்று யாராவது சொன்னால் எனக்குத் தெரிவிக்கவும்.

அப்பா


ஸ்ரீவில்லிபுத்தூர்,
22.8.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

கூட்டம் முடிந்துவிட்டது. என் வேலை போகிறது. பதறாதீர்கள், எல்லா அச்சகங்களுக்கும் போகிறது. நான் அக்டோபரிலிருந்து நிரந்தரம்.

நீங்கள் எழுதிய காரணத்தை மேலாளர் ஆன்லைன் கூட்டத்தில் சத்தமாக வாசித்தார். "இப்படி எழுதுகிற வாடிக்கையாளர் இன்னும் எத்தனை பேர் இருக்கிறார்கள்?" என்று ஒருவர் கேட்டார். "எழுதுகிறவர் ஒருத்தர்தான் சார். எண்டர் தட்டுகிறவர்கள் எங்கள் ஊர்ப் பக்கம் எல்லாருமே" என்றேன். அதனால் எனக்கு ஒரு புது வேலையும் கொடுத்திருக்கிறார்கள். இனிமேல் யாராவது இனிஷியலுக்கும் பெயருக்கும் நடுவே எண்டர் தட்டினால், "நிச்சயமாகத்தான் தட்டுகிறீர்களா?" என்று புரோகிராம் ஒரு தடவை கேட்க வேண்டும். உங்களுக்கு மட்டும் இரண்டு தடவை கேட்கும்படி எழுதலாமா என்று பார்க்கிறேன்.

ஞாயிறு சாயங்காலம் நான் வீட்டுக்குள் நுழைந்ததும் மாமா என் மேஜைக்கு வந்தார். "அந்தப் பைல நானும் பாக்கணும்" என்றார். எல்லாரும் கூடத்தில் இருந்தார்கள். சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். பதினேழு எண்டரையும் ஒவ்வொன்றாக எண்ணினார். "ஒங்கப்பா ஒரு பத்திரிகைல பதினேழு எடத்துல ஒடச்சிருக்காரு. எனக்கு ஒரு எடம்தான் தெரிஞ்சிருக்கு," என்று சிரித்தார். அன்றைக்கு அவர் தங்கை முதல் காப்பியை எனக்குத்தான் கொடுத்தார்.

நான்கு தாள் கிழிந்த இடம். "நீதானே, பொறுத்துக்கொள்வாய்" என்று நினைத்தேன் என்றீர்கள். பொறுத்துக்கொள்வேன்தான். ஆனால் அடுத்த தடவை கேட்டுவிட்டு நினையுங்கள்.

புது புரூப்பை மாமா நேரில் வந்து பார்ப்பாராம். தயவுசெய்து கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள்.

சத்யா


ராஜபாளையம்,
24.8.2025

அன்பு மகள் சத்யாவுக்கு,

உன் "வேலை போகிறது" என்ற வரியை வாசித்ததும் உன் அம்மா கண்ணீர் விட்டுவிட்டாள். அடுத்த வரியை வாசித்ததும் சிரித்தாள். இப்படி எழுதி எங்களைக் கொல்லாதே.

நேற்று தமிழ்ப் பக்கத்தை முதலிலிருந்து அடித்தேன். ஓர் எண்டர்கூட இல்லை. வரி முடியும்போதெல்லாம் கை தானாக அந்தப் பக்கம் போனது. ராம்கி பார்த்துக்கொண்டே நின்றார். ஒவ்வொரு தடவையும் கையை எடுத்துத் தலையைச் சொறிந்துகொண்டேன். பத்திரிகை முடிவதற்குள் தலை புண்ணாகிவிட்டது. உன் புரோகிராம் "அ. குருசாமி"யைப் பத்திரமாகக் கீழ் வரிக்குக் கூட்டிக்கொண்டு போனது. மேல் வரியில் வலது பக்கம் அதே ஒரு விரல் இடம் திரும்பவும் காலியாக நின்றது. நானும் அதுவும் ரொம்ப நேரம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். அப்படியே விட்டு புரூப் எடுத்தேன்.

இன்று காலை உன் மாமனார் வந்தார். உட்கார்ந்து, ஒரு வரி விடாமல் படித்தார். அப்பாவும் மகனும் ஒரே வரியில் நிற்பதைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அப்புறம் விரலைக் கொண்டுபோய் மேல் வரியின் ஓரத்தில் வைத்தார்.

"சம்பந்தி, இங்க கொஞ்சம் எடம் காலியாக் கெடக்கே. பாக்க ஒரு மாதிரி இருக்கு. ஒரு பூ, கீ எதாச்சும் வைக்கலாம்ல?"

எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள். இருபத்தாறு வருஷத்தில் ஒரு வாடிக்கையாளர் என் மனசில் இருப்பதை அப்படியே கேட்கிறார்.

"கெடக்கட்டும் சம்பந்தி," என்றேன். "அது எம்மக விட்ட எடம்."

அவர் செத்த நேரம் அந்த இடத்தையே பார்த்தார். பேனாவைத் திறந்தார்.

"சரி. கையெழுத்து எங்க போட?"

"எங்க வேணும்னாலும் போடுங்க," என்றேன். "அந்த எடத்துல மட்டும் போட்டுராதீக."

அப்பா